அம்மாவின் பேரில் எடுத்த லீவு

ஜனவரி 2, திங்கள்

நித்திரை நாலு மணித்தியாலம். சாப்பாடு பாண், பருப்பு. வெளியே போனது வேலைக்கு மட்டும். மனம்: சொல்லத் தெரியவில்லை.

இப்படித்தான் எழுதச் சொன்னார் டொக்டர். ஒவ்வொரு நாளும் நாலு கேள்வி. தமிழிலேயே எழுதலாம், தான் வாசிக்கப்போவதில்லை என்றார். மகள் மிதுராவின் பழைய கணக்குக் கொப்பியில் பாதி வெறுமையாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

டொக்டர் புதியவர், ஒஸ்லோவிலிருந்து வந்தவர். நவம்பர் கடைசியில் போகும் சூரியன் நோர்வேயின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஹம்மர்ஃபெஸ்ட்டுக்கு ஜனவரி இருபத்தொன்றில்தான் திரும்பி வரும் என்பதை நான் சொல்லித்தான் அவர் அறிந்துகொண்டது போல் இருந்தது. எத்தனை குளிர்காலம் இங்கே கழித்தீர்கள் என்று கேட்டார். பதினெட்டு என்றேன். பதினேழையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். அதற்கு அழுகை வந்துவிட்டது.

என் கணவர் தயாபரன் தாய்லாந்துப் பயணத்தைப் பதிந்து ஒரு மாதமாகிறது. சனிக்கிழமை புறப்பட வேண்டும். இன்றும் கேட்டார்:

"லீவு சரிதானே, சுகி?"

"கேட்டிருக்கிறன்."

கேட்கவில்லை. நவம்பரிலேயே இங்கர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள், ஜனவரியில் ஒருவருக்கும் லீவு இல்லை, மூன்று பேர் குறைவு என்று. அவள் என் மேலாளர். முதியோர் இல்லத்தில் எங்கள் மாடி முழுவதும் அவள் பொறுப்பு. நாளைக்குக் கேட்க வேண்டும்.

ஜனவரி 3, செவ்வாய்

நித்திரை மூன்று. கேட்கவில்லை. இங்கர் கூட்டத்தில் இருந்தாள்.

ஜனவரி 4, புதன்

உடுப்புத் தோய்க்கும் அறையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். ஒரு காரணமும் இல்லை. போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தபோது வந்துவிட்டது. இங்கர் ஏதோ தேடி உள்ளே வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

"உன் அம்மாவா?" என்று கேட்டாள்.

டிசம்பரில் அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பில் அடிபட்டதை இடைவேளையில் ஒருநாள் சொல்லியிருந்தேன். அதை அவள் ஞாபகம் வைத்திருந்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"போய்விட்டாரா?"

அதற்கும் ஆட்டினேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். பதினைந்து வருடம் மேலாளராக இருப்பவள், யாரையும் தொட்டுப் பேசாதவள். "இரண்டு கிழமை எடுத்துக்கொள், திங்களிலிருந்து. இன்றே வீட்டுக்குப் போ. எதையும் யோசிக்காதே," என்றாள். முழுவதும் ஒரு நிமிடம் இருக்காது.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவள் கேட்டாள், நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

தயாபரனிடம் லீவு கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

"பாரன். உன்ர அப்பான்ர செத்தவீட்டுக்கே லீவு குடாத சனம், இப்ப கடலில குளிக்கக் குடுக்குதாம்," என்றார்.

நான் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் பால் இருந்தது.

ஜனவரி 5, வியாழன்

நித்திரை ஒன்பது மணித்தியாலம். ஒன்பது!

ஜனவரி 6, வெள்ளி

பகல் பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. தயாபரன் பஸ் ஓட்டப் போயிருந்தார், மிதுரா பள்ளிக்கூடத்தில். கதவைத் திறந்தால் ரெஜினா அக்கா, தலையெல்லாம் பனி. கையில் பெரிய சாப்பாட்டுப் பெட்டி.

ரெஜினா அக்கா என்னோடுதான் வேலை. யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. எனக்கு முதல் வந்தவர். இந்த வேலையை எனக்குப் பழக்கியவர்.

சோபா முழுக்க நீச்சல் உடுப்பு, வெயிலுக்குப் பூசும் கிரீம், மிதுராவின் காற்றடைக்கும் முதலை. ஓடிப்போய்ப் போர்வையை இழுத்து எல்லாவற்றையும் மூடினேன். அக்கா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்ததால் காணவில்லை என்று நினைக்கிறேன்.

"பிட்டும் கத்தரிக்காயும். செத்தவீடெண்டபடியா மீன், மச்சம் ஒண்டும் வைக்கேல்ல," என்றார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. தொண்ணூற்றைந்து இடம்பெயர்வில் அவருடைய அம்மா வழியில் இறந்துபோனதும், அக்கா வேறு கூட்டத்தோடு முன்னால் போய்விட்டதால் அவரை எங்கே புதைத்தார்கள் என்றுகூட இன்றுவரை தெரியாததும் இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஐந்து வருடம் ஒன்றாக வேலை செய்கிறோம்.

"நீ போய் முகத்தைப் பாக்கிறாய் எல்லோ பிள்ளை. அது காணும். அந்த ஒண்டுக்காகத்தான் எல்லாரும் ஓடுறது," என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது வேறு:

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"சாவை மறைக்கிறதோ? என்ன கதை கதைக்கிறாய். உன்ர வேலையெல்லாம் நான் செய்யிறன், நீ யோசியாமப் போட்டு வா."

போனபிறகு பிட்டு ஆறிக் கிடந்தது. மிதுரா வந்து சாப்பிட்டாள். யார் தந்தது என்று கேட்டாள். வாங்கினேன் என்றேன்.

ஜனவரி 8, ஞாயிறு. கிராபி

பிளேனில் நித்திரை இல்லை. ஆனால் களைப்பும் இல்லை.

விமான நிலையத்துக் கதவு திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. எல்லோருக்கும் முன்னால் நின்று வாயைத் திறந்து அதைக் குடித்தேன். மிதுராவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அம்மா, ஆக்கள் பாக்கினம்" என்று கையை இழுத்தாள்.

அறை கீழ்மாடி. கதவைத் திறந்தால் புல், புல்லுக்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் கடல். கடலுக்குள் பெரிய சுண்ணாம்புப் பாறைகள் நிற்கின்றன. தங்கியிருப்பவர்களில் பாதிப் பேர் நோர்வேக்காரர். காலையில் ஆறு மணிக்கே எழும்பித் துவாயைப் போட்டுக் கதிரை பிடிக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. முதல் வேலையாக அதைத்தான் பார்த்தேன்.

ஜனவரி 10, செவ்வாய்

நித்திரை எட்டு. சாப்பாடு எல்லாம். பப்பாசிக்காயை இடித்து உறைப்பாக ஒரு சம்பல் செய்கிறார்கள், கண்ணீர் வருகிறது. மனம்: நல்லது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நல்லது.

மத்தியானம் கடலில் மிதந்துகொண்டிருந்தேன். காதுக்குள் தண்ணீர், ஒரு சத்தமும் இல்லை, கண்ணை மூடினால் இமைக்குள்ளும் வெளிச்சம். தயாபரன் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வந்து இருந்ததும், "உன்ர முகம் மாறிட்டுது. நீ திரும்பி வரமாட்டியோ எண்டு பயந்துபோய் இருந்தனான்," என்றார். கடலிலிருந்து என்று அவர் சொல்லவில்லை.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி எண்ணெய் பூசிக்கொண்டு கறுக்கப் படுத்திருந்தாள். தயாபரன் தன் கையை அவள் கைக்கு நேரே தூரத்திலிருந்து நீட்டிப் பார்த்து, "எனக்குப் பிறவியிலயே விடுமுறை" என்றார். வயிறு நோகச் சிரித்தேன்.

மிதுராதான் கேட்டாள்: "இஞ்சயிருந்து அம்மம்மா வீடு கிட்டத்தானே? ஏன் அங்க போகேல்ல?"

"உன்ர அம்மாதான் தாய்லாந்து எண்டவ," என்றார் தயாபரன்.

சாவகச்சேரியில் கடல் இல்லை என்றேன். மிதுராவுக்கு ஒழுங்கான குளியலறை வேண்டும், நுளம்பு, தம்பி சேந்தன் வாத்தியார், பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது, அவனுக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது. எல்லாம் உண்மைதான். ஊருக்குப் போய் ஒன்பது வருடம்.

ஜனவரி 11, புதன்

அம்மா வீடியோவில் எடுத்தா. குளியலறைக்குள் ஓடி, லைட்டை நிற்பாட்டி, தலையில் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு பேசினேன். மிதுராவின் தொப்பி, பெட்டிக்குள் இருந்தது.

"அங்க சரியான இருட்டு என்ன," என்றா.

"ஓமம்மா, சரியான குளிர்."

வேர்வை கழுத்தால் ஓடியது. இடுப்பு நோ குறைவாம். ஊன்றுகோல் பிடித்துக் கோழிக்கூடு வரை போகிறாவாம்.

ஜனவரி 13, வெள்ளி

படகில் தீவுக்குப் போனோம். மிதுரா மீன்களைப் பார்த்துத் தண்ணீருக்குள்ளேயே கத்தினாள்.

ஜனவரி 15, ஞாயிறு

இன்று பொங்கல். காலையில் தேங்காய்ப்பாலில் அவித்த சோறும் மாம்பழமும் வைத்திருந்தார்கள். மூன்று தரம் எடுத்தேன்.

ஜனவரி 16, திங்கள்

ஒழுங்காக எழுத வேண்டும். எழுதினால்தான் என்ன நடந்தது என்று எனக்கே விளங்கும்.

காலைச் சாப்பாட்டு மண்டபத்தில்தான் இன்டர்நெட் நன்றாக வேலை செய்யும். தயாபரன் எங்களுக்கு முன்னால் போயிருந்தார். நானும் மிதுராவும் போனபோது அவர் மேசையில் இல்லை. கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. கால் மணித்தியாலம் கழித்து வரவேற்பறைப் பக்கமிருந்து வந்தார். கண் சிவந்திருந்தது. மிதுராவைப் பழம் எடுத்து வரச் சொல்லி அனுப்பிவிட்டு எனக்குப் பக்கத்தில் இருந்து இரண்டு கையையும் பிடித்தார்.

"சுகி, அழக்கூடாது. நான் சொல்லுறதைக் கேள். பின்னேரம் நாலு மணிக்கு பாங்கொக்குக்கு ஒரு பிளேன் இருக்கு. அங்கயிருந்து கொழும்பு. நாளைக்கு விடிய சாவகச்சேரியில நிப்பம். சேந்தன் ஃபோன் எடுக்கிறானில்ல. எங்களை எப்பிடித் தேடினானோ தெரியா."

"என்னத்துக்கு?"

அவரால் சொல்ல முடியவில்லை. போனைத் திருப்பிக் காட்டினார்.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் வட்ஸ்அப் குழு. நேற்றுப் பொங்கல் விழா. மேடையில் நிறைகுடம், குத்துவிளக்கு, பக்கத்தில் அம்மாவின் படம். எழுபதாவது பிறந்தநாளுக்கு நீலச்சீலை கட்டி எடுத்த படம், என் பேஸ்புக்கிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பூமாலை போட்டிருக்கிறார்கள். கீழே: "கண்ணீர் அஞ்சலி. எமது சங்க உறுப்பினர் திருமதி சுகிர்தா தயாபரனின் பாசமிகு தாயார் திருமதி தெய்வானைப்பிள்ளை அவர்கள்..." ஒரு காணொளியும் இருந்தது. நாற்பது குடும்பமும் எழும்பி நிற்கிறது. சின்னப்பிள்ளைகளும் கை கட்டி நிற்கிறார்கள். ஒரு நிமிடம், ஒருவரும் அசையவில்லை.

தயாபரன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருடைய அம்மா அவருக்கு ஏழு வயதில் போய்விட்டா. என் அம்மாவைத்தான் அவரும் அம்மா என்கிறவர்.

"அம்மா சாகேல்ல," என்றேன்.

"சுகி..."

"சாகேல்ல. நான்தான் வேலையில சொன்னனான். லீவுக்கு."

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். மெதுவாகத்தான் எடுத்தார். அதை நான் மறக்கமாட்டேன்.

"என்னட்டச் சொல்லியிருந்தா நான் அந்த டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டிருப்பன்," என்றார். பிறகு வரவேற்பறைக்குப் போனார், பிளேன் வேண்டாம் என்று சொல்ல. அங்கிருந்த பெண் அவருக்கு ஆறுதல் சொல்லித் தண்ணீர் கொடுத்தவளாம். அவளிடம் என்னவென்று சொல்வது என்று என்னைக் கேட்டார். நானும் தெரியாது என்றேன்.

மிதுரா அன்னாசித்தட்டோடு எங்களுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறாள். "அம்மம்மா செத்ததெண்டு நீங்கள் சொன்னீங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. சரியாக விளங்கிக்கொண்டாளா என்று பார்க்கத்தான் கேட்டாள்.

மத்தியானம் சேந்தன் எடுத்தான். நோர்வேயிலிருந்து கனடாவுக்குப் போய், கனடாவிலிருந்து சாவகச்சேரிக்கு வந்திருக்கிறது அந்தப் படம். காலையிலிருந்து வீட்டு வாசலில் சைக்கிள் நிறைந்து கிடக்கிறதாம். பக்கத்து வீட்டார் வெள்ளைத்துணியோடு வந்திருக்கிறார்கள். அம்மாதான் கோலை ஊன்றிக்கொண்டு போய்ப் படலையைத் திறந்திருக்கிறா.

"ஆர் இந்தக் கேவலமான வேலை பாத்தது அக்கா? உனக்குத் தெரியுமோ?"

"தெரியாதடா. ஆரோ பிழையாப் போட்டிட்டினம்."

அப்படித்தான் சொன்னேன். கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

ஜனவரி 17, செவ்வாய்

நித்திரை இல்லை.

சேந்தன் சங்கத் தலைவர் நவரத்தினம் அண்ணைக்கு எடுத்துப் பேசியிருக்கிறான். அவர் ரெஜினா சொல்லித்தான் போட்டது என்றிருக்கிறார். இன்று காலை குழு முழுவதும் அதுதான். "இருக்கிற மனிசரைச் சாகடிக்கிற வாய்." "ஆர் ஆரிட்ட என்ன கேட்டாலும் உடன ஊரெல்லாம் பறையடிக்கிறது." "வேதக்காரருக்கு எங்கட செத்தவீட்டுத் துடக்கு, செலவு தெரியுமோ?" அக்கா கிறிஸ்தவர் என்பதால் ஒருத்தி இதையும் எழுதியிருந்தாள். அதற்குப் பதினொரு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

ரெஜினா அக்கா ஒரே ஒரு வரி எழுதினார்: "என்னட்டச் சொன்னதைத்தான் சொன்னனான். பிழையெண்டால் எல்லாரும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

யார் சொன்னது என்று எழுதவில்லை. என் பேரை எழுதவில்லை.

நான் போனைத் துவாய்க்குள் சுற்றிக் கதிரைக்குக் கீழே வைத்தேன். பிறகு கடலில் இறங்கினேன். மிதக்க முடியவில்லை. தயாபரன் மிதுராவைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். கரையில் எங்கள் கதிரைகள் மூன்றும் வெறுமையாகக் கிடந்தன.

அக்கா அங்கே என் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறார். இன்று செவ்வாய். செவ்வாயில் பன்னிரண்டு பேரைக் குளிப்பாட்ட வேண்டும்.

ஜனவரி 18, புதன்

அம்மா எடுத்தா. வீடியோ இல்லை. குரல் மட்டும்.

"செத்தவள்தான் கதைக்கிறன்," என்றா.

"அம்மா..."

"படம் நல்ல படம். உண்மையாப் போகேக்கையும் அதைத்தான் போடச் சொல்லி சேந்தனிட்டச் சொல்லிப்போட்டன். பக்கத்து வீட்டு நவமணி எனக்கெண்டு ஒப்பாரி சொல்லிக்கொண்டு வந்தவள், என்னைக் கண்டோண்ண பாதியில நிப்பாட்டிப்போட்டு நிக்கிறாள் பாவம். மிச்சத்தையும் சொல்லடி, கேப்பம் எண்டன்."

சிரிப்பா என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"இப்ப எங்க நிக்கிறாய்?"

"தாய்லாந்தில."

"நினைச்சன். அண்டைக்கு உன்ர தொப்பிக்குக் கீழால வேர்வை ஓடினது."

எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டினது, பிட்டு, ரெஜினா அக்கா, எல்லாம். அம்மா இடையில் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்தபிறகு கேட்டா:

"எத்தினை நாள் தந்தவை?"

"ரெண்டு கிழமை."

"கேட்டோண்ணயோ?"

"ஓம்."

பின்னால் கோழிகள் கொக்கரிப்பது கேட்டது. 

"கொப்பர் செத்ததுக்குத் தரேல்லயெண்டனி."

நான் அறைக்குள் நிலத்தில் இருந்துவிட்டேன்.

"மூண்டு நாள் வைச்சிருந்தம் அந்த மனிசனை, நீ வருவாயெண்டு. ஐஸ் மாத்தி ஐஸ் மாத்தி. வேலைக்காரர் விடுகினமில்ல எண்டு நீ அழுதாய். சரி, எடுப்பம் எண்டு நான்தான் சொன்னனான்." பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருக்கும் குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டா: "நீ கேட்டனியோ, பிள்ளை?"

நாலு வருடத்தில் ஒருவரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தயாபரன் கேட்டதில்லை, சேந்தன் கேட்டதில்லை. "தரேல்ல" என்று ஒரு சொல் சொன்னேன், எல்லோரும் எனக்காக நோர்வேயைத் திட்டினார்கள்.

"இல்லை," என்றேன்.

அம்மா மூச்சு விட்டா.

"அந்த வெள்ளைக்காரியை நாலு வருசமாத் திட்டிக்கொண்டிருக்கிறன் நான். ஒவ்வொரு திவசத்துக்கும். அவள் ஆரெண்டே எனக்குத் தெரியாது."

"அம்மா, நான்..."

"இப்ப வேண்டாம். எனக்குக் கோழிக்குச் சாப்பாடு போடோணும். முதல் அந்தப் பிட்டுக் கொண்டந்த மனிசியின்ர பேரைக் காப்பாத்து."

வைத்துவிட்டா.

ஜனவரி 19, வியாழன்

காலையில் குழுவில் எழுதினேன். எட்டுத்தரம் அழித்து எழுதியது இது:

"என் அம்மா உயிரோடு இருக்கிறா. அவ இறந்துவிட்டதாக வேலையிடத்தில் சொன்னது நான். விடுமுறை எடுப்பதற்காகச் சொன்னேன். அதை உண்மை என்று நம்பித்தான் ரெஜினா அக்கா எனக்காக அழுதார், சாப்பாடு கொண்டுவந்தார், என் வேலையைச் செய்கிறார். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. நீங்கள் எல்லோரும் எழும்பி நின்ற அந்த ஒரு நிமிடத்துக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சுகிர்தா."

அனுப்பியபிறகு தயாபரனிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "அப்பான்ர கதையும் உண்மையோ?" என்று கேட்டார். மிதுராவிடம் அம்மா பேசியிருக்கிறா போல. ஓம் என்றேன். "சரி," என்றார். எழும்பிப் போய்ப் பெட்டி அடுக்கத் தொடங்கினார்.

குழுவில் ஒருவரும் பதில் எழுதவில்லை. நீல நிறச் சரி அடையாளங்கள் மட்டும் விழுந்துகொண்டே இருந்தன.

சேந்தன் என் எண்ணைத் தடுத்துவிட்டான்.

ஜனவரி 21, சனி

ஊருக்கு வந்துவிட்டோம். இன்று சூரியன் வரும் நாள். முகில் மூடியிருந்தது. நாலு இயந்திரம் உடுப்புத் தோய்த்தேன்.

ஜனவரி 23, திங்கள்

கதவைத் தட்டிப் போய், உட்காராமல், இங்கரிடம் சொன்னேன். நோர்வேஜிய மொழியில் பொய் என்ற சொல் சிறியது. பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். சின்ன ஊர். ஆனாலும் முழுவதையும் சொல்ல விட்டாள். பிறகு, "நான் உன்னைக் கட்டிப்பிடித்தேன்," என்றாள். அதை மட்டும்தான் முதலில் சொன்னாள். எழுத்தில் எச்சரிக்கை தருவாள், ஃபைலில் இருக்கும், இன்னொரு தரம் நடந்தால் வேலை இல்லை. நியாயம் என்றேன்.

போகத் திரும்பியபோது, "எனக்கு விளங்காத ஒன்று. ஏன் நேரே கேட்கவில்லை?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அப்பாவைச் சொன்னேன். நாலு வருடத்துக்கு முதல், பெப்ரவரி, ஒரு வியாழன். காலையில் செய்தி வந்தது. மத்தியானம் வேலைக்கு வந்தேன். அன்று மாலைப் பணி.

இங்கர் கண்ணாடியைக் கழற்றினாள். "இங்கே வந்தாயா? அன்றைக்கா?"

"வந்தேன். அப்போது நிரந்தர வேலை இல்லை. பயம்."

"நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்தாய்?"

 வீட்டுக்கு வந்தபிறகும் யோசிக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, அது உண்மை. ஆனால் அப்பாவை நடுவீட்டில் கிடத்தியிருப்பதைப் பார்க்க வேண்டாம் என்றும் இருந்தது. அந்தச் சனத்துக்கு நடுவில் வெளிநாட்டு மகளாகப் போய் இறங்க வேண்டாம் என்று இருந்தது. கேட்டால் தந்துவிடுவாள் என்றுதான் கேட்கவில்லையோ. இதை எந்த மொழியிலும் இங்கரிடம் சொல்ல எனக்குத் தெரியாது.

ஜனவரி 24, செவ்வாய்

ரெஜினா அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. குளிர் மைனஸ் பதினாறு. நான் படியில் நின்றேன், அவர் வாசலில் நின்றார். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக் கொண்டுபோயிருந்தேன். வாங்கினார்.

"அக்கா, மன்னியுங்கோ."

"குழுவில போட்டதை வாசிச்சனான். நல்லா எழுதியிருந்தாய்."

"நான் உடன சொல்லியிருக்கோணும். ரெண்டு நாள் பாத்துக்கொண்டிருந்தன்."

"ஓம். ரெண்டு நாள்." பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்து மூடினார். "அவையள் ஏசினது எனக்குப் பெரிசில்ல. ஏசுவினம், விடுவினம். நான் உன்ர அம்மாவுக்கு ஒன்பது நாள் செபமாலை சொன்னனான், தெரியுமோ? என்ர அம்மான்ர பேரையும் சேத்து. இருவத்தேழு வருசமா அவவுக்கு ஒழுங்காச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல. உன்ர அம்மாவோட சேத்துச் சொல்லேக்க வந்தது. இப்ப அது பொய்யெண்டால், அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

நின்றேன்.

"குளிருது, போ," என்று கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை.

ஜனவரி 31, செவ்வாய்

நித்திரை ஐந்து. பன்னிரண்டு பேரையும் நான்தான் குளிப்பாட்டினேன். இங்கரிடம் அக்காவின் ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஈஸ்டர் வரை எனக்குப் போடச் சொன்னேன். அக்காவைக் கேட்டுவிட்டுப் போட்டாள்.

வேலையில் அக்கா என்னோடு பேசுகிறார். "ஆறாம் நம்பருக்கு மருந்து குடுத்தாச்சு." "அந்தக் கதிரையை இஞ்சால தள்ளு." அவ்வளவுதான்.

பெப்ரவரி 9, வியாழன்

இன்று இங்கரிடம் லீவு கேட்டேன். ஜூன், மூன்று கிழமை, சாவகச்சேரி. என்ன காரணம் என்று கேட்கவில்லை. அம்மாவைப் பார்க்க என்று நானே சொன்னேன். அட்டவணையைப் பார்த்தாள். முதல் கிழமை முடியாது, மற்றது சரி என்றாள். வெளியே வந்து கழிப்பறைக்குள் கொஞ்ச நேரம் இருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "வா. ஆனா சனம் கதைக்கும்," என்றா. "செத்தவீட்டுக்கு வந்தவையெல்லாம் உன்னைப் பாக்கவும் வருவினம். ஒவ்வொருத்தருக்கும் நீதான் தேத்தண்ணி குடுக்கோணும். நான் எழும்பமாட்டன்."

சேந்தன் இன்னும் பேசுவதில்லை. அம்மாவின் போனில் அவன் பின்னால் நடப்பது கேட்கும். அவன் நடந்து போகும்வரை நான் பேசாமல் இருப்பேன்.

தயாபரன் பேசுகிறார். ஆனால் நான் எதையாவது சொன்னால், ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார். இன்று கடையில் மழைக்கோட் கிடைக்கவில்லை என்றேன். அதற்கும் பார்த்தார்.

பெப்ரவரி 26, ஞாயிறு

நித்திரை ஆறு. சாப்பாடு சோறு, மீன். வெளியே போனது வேலைக்கும், பிறகு துறைமுகம் வரைக்கும்.

மருந்து அறையில் மாத்திரைகளைச் சின்னக் கிண்ணங்களில் பிரித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, ரெஜினா அக்கா வருவதில்லை. ஆனால் பூசை முடிந்து வரும் வழியில் மறந்து விட்டுப்போன கையுறையை எடுக்க வந்திருந்தார். எனக்கு முதுகைக் காட்டி அலுமாரியைத் திறந்து தேடினார். கையுறை மேல் தட்டிலேயே இருந்தது. அவர் கீழ்த் தட்டையும் தேடினார்.

"அம்மா எப்பிடி?" என்று கேட்டார். திரும்பவில்லை.

எல்லோரும் எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான்.  கையில் இருந்த மாத்திரையைக் கிண்ணத்தில் போட்டேன்.

"இருக்கிறா, அக்கா."

அவர் கையுறையை எடுத்தார். ஒரு கையில் போட்டார், மற்றக் கையிலும் போட்டார். விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தார்.

"ம்," என்றார். போய்விட்டார்.